வாக்குறுதி எனும் அமானிதம்: மொராக்கோ சுல்தானும் அமெரிக்க செனட்டும்





ஒரு மனிதர் தம் பெயரில் கொடுக்கும் வாக்கு அவரைக் கட்டுப்படுத்துகிறது. ஓர் ஆட்சியாளர் தம் நாட்டின் பெயரில் கொடுக்கும் வாக்கோ, அந்த அவையில் இல்லாத இலட்சக்கணக்கான மக்களையும் கட்டுப்படுத்துகிறது. கையொப்பமிட்டவர் மரணித்த பின்னும் அது அவருடைய நாட்டின் தோளில் கடனாக நிற்கிறது. அத்தகைய வாக்கை யார் கொடுக்கலாம்? யாரிடம் ஆலோசித்த பின் கொடுக்கலாம்? கொடுத்த பின் அதனைக் காக்கும் பொறுப்பு யாருடையது?

உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே இறைநம்பிக்கையாளர்களுக்குக் கட்டளையிடுகிறது. வாக்குறுதியைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 34ஆம் வசனம் எச்சரிக்கிறது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆப்பிரிக்க முஸ்லிம் அரசுகளுக்கும் புதிதாகப் பிறந்த அமெரிக்கக் குடியரசுக்கும் இடையே நடந்த ஒப்பந்தங்களின் வரலாற்றைப் பார்ப்போம். எழுதப்பட்ட அரசியலமைப்பின் கீழ் ஒரு நாடு எவ்வாறு உடன்படிக்கை செய்கிறது என்பதை அமெரிக்கர்கள் முஸ்லிம் ஆட்சியாளர்களோடு பேசியபோதும் சேர்த்தே கற்றுக்கொண்டார்கள் என்பது பலரும் அறியாத செய்தி.

ஹுதைபியா தரும் பாடம்

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு துல்கஃதா மாதத்தில் ஹுதைபியாவில் நடந்ததை நாம் அனைவரும் அறிவோம். உடன்படிக்கையின் வாசகத்தை அலீ (ரலி) அவர்கள் எழுதினார்கள். தொடக்க வாசகத்தையும் "அல்லாஹ்வின் தூதர்" என்ற சொல்லையும் குறைஷிகளின் தூதரான சுஹைல் இப்னு அம்ர் ஏற்க மறுத்தார். நபி (ஸல்) அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். பத்தாண்டுகள் போரில்லை என்று முடிவாயிற்று. எழுத்துப் பணி முடிவதற்குள் சுஹைலின் மகன் அபூ ஜந்தல் (ரலி) அவர்கள் விலங்குகளோடு தப்பி வந்து நின்றார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. உமர் (ரலி) அவர்களின் உள்ளம் கொதித்தது. ஆயினும் கொடுத்த வாக்கு காக்கப்பட்டது.

இங்கு ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் வஹீயின் வழிகாட்டலில் முடிவெடுத்தார்கள். அவர்களுக்குப் பின் எந்த ஆட்சியாளருக்கும் வஹீ வருவதில்லை. தன் கணிப்பு தவறலாம் என்ற நிலையிலேயே ஒவ்வோர் ஆட்சியாளரும் இருக்கிறார். ஆகவேதான் தம் காரியங்களை ஆலோசனையின் மூலம் நடத்துவோரை அஷ்ஷூரா அத்தியாயத்தின் 38ஆம் வசனம் சிறப்பித்துக் கூறுகிறது. பிற நாட்டாரோடு செய்யும் போர், சமாதானம், உடன்படிக்கை ஆகியவற்றின் சட்டங்களை நம் இமாம்கள் "ஸியர்" என்ற தனித் துறையாகவே வளர்த்தார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரான இமாம் முஹம்மத் இப்னுல் ஹஸன் அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்கள் இத்துறையில் பெருநூல் இயற்றியவர்கள்.

முதலில் நீண்ட கரம்

அமெரிக்கா இங்கிலாந்தோடு விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்த 1777 டிசம்பரில், மொராக்கோவின் சுல்தான் ஸீதி முஹம்மத் இப்னு அப்துல்லாஹ், அமெரிக்கக் கப்பல்கள் தம் துறைமுகங்களுக்குத் தடையின்றி வரலாம் என்று அறிவித்தார். ஆனால் அமெரிக்கர்கள் ஆண்டுக்கணக்கில் உடன்படிக்கைக்கு ஆள் அனுப்பவில்லை. 1784 அக்டோபரில் சுல்தானின் ஆட்கள் "பெட்ஸி" என்ற அமெரிக்க வணிகக் கப்பலைப் பிடித்தார்கள். மாலுமிகள் அடிமைகளாக்கப்படவில்லை. பேச்சுவார்த்தைக்கு வருமாறு விடுக்கப்பட்ட அழுத்தமான அழைப்பாகவே அது இருந்தது. பின்னர் கப்பலும் மாலுமிகளும் விடுவிக்கப்பட்டனர்.

1786ஆம் ஆண்டு தாமஸ் பார்க்ளே என்பவர் தூதராக மராக்கேஷுக்கு வந்தார். சுல்தானின் சார்பில் தாஹிர் ஃபன்னீஷ் பேசினார். ஹிஜ்ரி 1200 ஷஃபான் பிறை 25 அன்று, அதாவது 1786 ஜூன் 23 அன்று, அரபு மொழியில் எழுதப்பட்ட உடன்படிக்கையில் சுல்தானின் முத்திரை பதிந்தது. ஆண்டுதோறும் கப்பம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

அதன் பிரிவுகள் இன்றும் படிக்கத் தக்கவை. இரு நாடுகளுக்கிடையே போர் மூண்டால் கைதிகளை அடிமைகளாக்கக் கூடாது. ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று 16ஆம் பிரிவு கூறிற்று. யாரேனும் ஒரு பிரிவை மீறினாலும் உடனே வாளை உருவக் கூடாது. முதலில் நட்பு முறையில் முறையிட வேண்டும். அது மறுக்கப்பட்ட பின்பே ஆயுதம். அப்போதும் இரு தரப்பு மக்களும் தம் உடைமைகளோடு வெளியேற ஒன்பது மாத அவகாசம் என்று 24ஆம் பிரிவு வகுத்தது. உடன்படிக்கை முறிந்துவிடுமோ என்று அஞ்சும் இடத்திலும் அதனை வெளிப்படையாகவே அறிவிக்க வேண்டும் என்ற அல்அன்ஃபால் 58ஆம் வசனத்தின் ஒழுக்கத்தோடு இது ஒத்துப்போவதைக் காணலாம். இறைவனின் உதவியோடு ஐம்பது ஆண்டுகள் நிலைக்கும் என்று இறுதிப் பிரிவு முடிந்தது.

ஒன்பது மாநிலங்களும் மூன்றில் இரண்டும்

சுல்தானின் தரப்பில் ஒரே முத்திரையோடு காரியம் முடிந்தது. அமெரிக்கத் தரப்பில் அப்படி முடியவில்லை. பாரிஸில் இருந்த தாமஸ் ஜெஃபர்சனும் இலண்டனில் இருந்த ஜான் ஆடம்ஸும் 1787 ஜனவரியில் கையொப்பமிட்டனர். பின் அது கடல் கடந்து காங்கிரஸுக்குச் சென்று, 1787 ஜூலை 18 அன்று ஒப்புதல் பெற்றது.

அன்று அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் இல்லை. 13 மாநிலங்களின் கூட்டமைப்பாக இருந்த அந்நாட்டில், உடன்படிக்கைக்கு ஒன்பது மாநிலங்களின் இசைவு வேண்டும். இந்த விதி எதற்கு என்பதை 1786இல் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டிற்று. ஸ்பெயினின் வணிகச் சலுகைகளுக்கு ஈடாக, மிசிசிப்பி ஆற்றில் கப்பல் விடும் உரிமையைச் சில பத்தாண்டுகளுக்கு வலியுறுத்தாமல் விட்டுவிடலாம் என்று வெளியுறவுச் செயலர் ஜான் ஜே கேட்டார். வடக்கின் ஏழு மாநிலங்கள் சம்மதித்தன. அந்த ஆற்றை நம்பிய தெற்கு மாநிலங்கள் எதிர்த்தன. ஒன்பது சேராததால் திட்டம் நின்றது. வெறும் பெரும்பான்மை போதும் என்றிருந்தால், ஒரு பகுதியினரின் வாழ்வாதாரத்தை மறு பகுதியினர் விற்றிருக்கக்கூடும்.

அந்த அச்சம் ஆறுவதற்குள் 1787இல் பிலடெல்பியாவில் புதிய அரசியலமைப்பு எழுதப்பட்டது. உடன்படிக்கை செய்யும் அதிகாரத்தை முதலில் செனட் என்ற மேலவைக்கே முழுமையாகக் கொடுக்க எண்ணினார்கள். செப்டம்பரில் அதனை மாற்றி, குடியரசுத் தலைவர் செனட்டின் ஆலோசனையோடும் இசைவோடும் உடன்படிக்கை செய்யலாம், வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினர் சம்மதிக்க வேண்டும் என்று வகுத்தார்கள். ஒவ்வொரு மாநிலத்திற்கும் செனட்டில் இரண்டே இடங்கள் என்பதால் சிறிய மாநிலமும் பெரிய மாநிலமும் அங்கே சமம்.

நடைமுறையின் படிகள் இவை. தலைவர் தூதரை நியமித்து அதிகாரம் அளிக்கிறார். தூதர் பேசிக் கையொப்பமிடுகிறார். அது செனட்டுக்கு அனுப்பப்படுகிறது. செனட் ஏற்கலாம், மறுக்கலாம், நிபந்தனையோடு ஏற்கலாம். செனட் இசைந்த பின்னும் உடன்படிக்கை முடிந்துவிடுவதில்லை. இறுதி ஒப்புதலைத் தலைவர்தாம் அளிக்கிறார். பின் இரு நாடுகளும் ஒப்புதல் ஆவணங்களை மாற்றிக்கொள்கின்றன. அதன் பின்பே அது பகிரங்கமாக அறிவிக்கப்பட்டு நாட்டின் சட்டமாகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. இனிச் செய்யப்படும் உடன்படிக்கைகளோடு, ஏற்கெனவே செய்யப்பட்டவையும் நாட்டின் உயர்ந்த சட்டமாகும் என்று அந்த அரசியலமைப்பு கூறிற்று. ஆட்சிமுறையே மாறினாலும் பழைய வாக்கு செல்லும் என்பது இதன் பொருள். மொராக்கோவுக்குக் கொடுத்த வாக்கும் அதில் அடங்கும். 1789 டிசம்பர் 1 அன்று முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் சுல்தானுக்கு மடல் எழுதினார். தம் நாட்டில் ஆட்சிமுறை மாறியதையும், அதனால் பதில் தாமதமானதையும் விளக்கி, நட்பைத் தொடர விரும்புவதாகத் தெரிவித்தார்.

மறு ஆண்டு சுல்தான் காலமானார். இத்தரப்பில் வாக்கு ஆட்சியாளரின் பெயரோடு பிணைந்திருந்ததால், புதிய சுல்தானிடம் மீண்டும் ஏற்பு பெற வேண்டியிருந்தது. அதற்காக 20,000 டாலர் வரை செலவிட அமெரிக்க காங்கிரஸ் 1791இல் சட்டம் இயற்றியது. சுல்தான் சுலைமான் 1795இல் தம் தந்தையின் உடன்படிக்கையை உறுதிப்படுத்தினார்.

ஆலோசனை கேட்கச் சென்ற தலைவர்

சட்டப் புத்தகத்தில் ஆலோசனை என்று எழுதுவது எளிது. நடைமுறையில் அது எத்தனை கடினம் என்பதை வாஷிங்டன் விரைவிலேயே கண்டார். 1789 ஆகஸ்ட் 22 அன்று, தெற்கில் வாழ்ந்த பூர்வகுடி மக்களோடு செய்யவிருந்த உடன்படிக்கை பற்றிக் கேட்பதற்காக அவர் நேரடியாகச் செனட் அவைக்குச் சென்றார். கேள்விகள் உரக்க வாசிக்கப்பட்டன. தெருவில் ஓடிய வண்டிகளின் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று வில்லியம் மெக்லே என்ற உறுப்பினர் தம் நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். தலைவர் எதிரே அமர்ந்திருக்கும்போது மனம்விட்டுப் பேச உறுப்பினர்கள் தயங்கினர். ஆவணங்களை ஒரு குழு ஆராயட்டும் என்றனர். வாஷிங்டன் எரிச்சலுற்றார். இரு நாள் கழித்து மீண்டும் வந்து அலுவலை முடித்தார். அதன் பின் இவ்வாறு ஆலோசனை கேட்க அவர் அவைக்கு வரவில்லை.

இதில் நமக்கும் பாடமுண்டு. தலைவரின் முகத்தைப் பார்த்துத் தலையசைப்பது மஷூரா ஆகாது. ஆவணத்தைக் கையில் வாங்கி, அவகாசம் எடுத்துப் படித்துவிட்டுச் சொல்வதே மஷூரா. அந்த உறுப்பினர்கள் கேட்ட அவகாசம் அவர்களுடைய கடமையின் பகுதியே.

அல்ஜியர்ஸின் கைதிகள்

ஆலோசனைக்கு நன்மை இருப்பதுபோல் விலையும் உண்டு. அந்த விலையைக் கொடுத்தவர்கள் ஏழை மாலுமிகள்.

1785 ஜூலையில் அல்ஜியர்ஸின் கப்பல்கள் "மரியா", "டாஃபின்" என்ற இரு அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தன. 21 பேர் சிறைப்பட்டார்கள். பழைய கூட்டமைப்பிடம் மீட்புப் பணம் இல்லை. புதிய அரசியலமைப்பு வந்த பின்னோ, யாரைக் கேட்பது என்ற கேள்வி எழுந்தது. உடன்படிக்கைக்கு இசைவு தருவது செனட். ஆனால் கருவூலப் பணத்தைச் செலவிட மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் சபையின் சம்மதமும் வேண்டும். அந்தச் சபையையும் முன்கூட்டியே கேட்பது நல்லது என்பது ஜெஃபர்சனின் கருத்து. ஒருமுறை கேட்டால் எப்போதும் உரிமை கோருவார்கள் என்று செனட் உறுப்பினர்கள் அஞ்சினார்கள். ஜெஃபர்சன் 1792 ஏப்ரலில் எழுதிய குறிப்பில் இந்த இழுபறி பதிவாகியுள்ளது.

1792 மே மாதம் வாஷிங்டன் செனட்டிடம் எழுத்து மூலம் கேட்டார்: அங்கு எஞ்சியிருக்கும் 13 பேரை 40,000 டாலருக்கு மேற்படாமல் மீட்க உடன்படிக்கை செய்தால் இசைவு தருவீர்களா? செனட் சம்மதித்தது. தூதராக நியமிக்கப்பட்ட ஜான் பால் ஜோன்ஸ், நியமன மடல் கைக்குக் கிடைக்கும் முன்பே பாரிஸில் இறந்தார். அடுத்து நியமிக்கப்பட்ட தாமஸ் பார்க்ளேயும் வழியில் லிஸ்பனில் இறந்தார். 1793இல் மேலும் 11 கப்பல்கள் பிடிபட, கைதிகளின் எண்ணிக்கை 100ஐத் தாண்டிற்று. 1795 செப்டம்பரில்தான் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1796 மார்ச் 2 அன்று செனட் இசைந்தது. அவ்வாண்டு ஜூலையில் கைதிகள் விடுதலையானார்கள். 1785இல் பிடிபட்டுப் பிழைத்திருந்தவர்களுக்கு அது 11 ஆண்டுக் காத்திருப்பு. 40,000 டாலரில் முடிந்திருக்கக்கூடிய காரியம் 6 இலட்சம் டாலருக்கு மேல் சென்றது; ஆண்டுக் கப்பமும் சேர்ந்தது.

வரலாற்றை நடுநிலையோடு சொல்லவேண்டும். பயணிகளையும் வணிகர்களையும் பிடித்துப் பணம் கேட்டது முஸ்லிம் ஆட்சியாளர்களின் கப்பல்கள் என்பதற்காக அது நியாயமாகிவிடாது. மால்டாத் தீவின் கிறிஸ்தவக் கடல்வீரர்கள் முஸ்லிம்களைப் பிடித்து அடிமைகளாக்கியதும் அதே கடலில்தான் நடந்தது. தம் மாலுமிகளுக்காகக் கண்ணீர் விட்ட அமெரிக்காவில், 1790ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 7 இலட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர். அவர்களுக்காகப் பேச எந்தத் தூதரும் நியமிக்கப்படவில்லை.

திரிப்போலியும் 11ஆம் பிரிவும்

இவ்வரலாற்றில் நம் மக்களிடையே அடிக்கடி பகிரப்படும் பகுதி திரிப்போலி உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு. 1796 நவம்பரில் திரிப்போலியிலும் 1797 ஜனவரியில் அல்ஜியர்ஸிலும் கையெழுத்தான அவ்வுடன்படிக்கையின் ஆங்கில வாசகத்தில், அமெரிக்க அரசு கிறிஸ்தவ மதத்தின் மீது நிறுவப்பட்டதன்று என்றும், முஸ்லிம்களின் சட்டத்தின் மீதோ மார்க்கத்தின் மீதோ அதற்குப் பகையில்லை என்றும் பொருள்படும் வாசகம் உள்ளது. ஜான் ஆடம்ஸ் அதனைச் செனட்டுக்கு அனுப்பினார். 1797 ஜூன் 7 அன்று, வாக்களித்த 23 உறுப்பினர்களும் ஒருமனதாக இசைந்தார்கள். ஜூன் 10 அன்று ஆடம்ஸ் ஒப்புதல் அளித்தார்.

இதுவரை உண்மை. ஆனால் பகிர்வோர் பலரும் சொல்லாத மறுபாதியும் உண்டு. 1930இல் டச்சு அறிஞர் ஸ்நூக் ஹுர்குரோன்யே அரபுப் பிரதியை ஆராய்ந்தபோது, 11ஆம் பிரிவு இருக்க வேண்டிய இடத்தில் அப்படியொரு வாசகமே இல்லை என்று கண்டார். அங்கிருந்தது அல்ஜியர்ஸின் ஆட்சியாளர் திரிப்போலியின் பாஷாவுக்கு எழுதிய ஒரு கடிதம். ஆங்கில வாசகத்தை அனுப்பியவர் அல்ஜியர்ஸிலிருந்த அமெரிக்கத் தூதர் ஜோயல் பார்லோ. ஆகவே அவ்வாசகத்தை முஸ்லிம் தரப்பு கேட்டுப் பெற்ற வாக்குறுதி என்று சொல்ல ஆதாரமில்லை. அமெரிக்கச் செனட் தன் கண்முன் இருந்த வாசகத்தைப் படித்து ஏற்றது என்பதே நாம் உறுதியாகச் சொல்லக்கூடியது. நமக்குச் சாதகமான செய்தியாயினும் முழுமையாகச் சொல்வதே சாட்சியத்தின் ஒழுக்கம்.

ஒருமனதாக ஏற்கப்பட்ட அந்த உடன்படிக்கை நீடிக்கவும் இல்லை. முன்பு கொடுத்த தொகை போதாது என்று கருதிய யூசுஃப் கரமான்லி பாஷா 1801 மே மாதம் அமெரிக்கத் தூதரகத்தின் கொடிமரத்தை வெட்டிச் சாய்த்துப் போரை அறிவித்தார். நான்காண்டுப் போருக்குப் பின் 1805இல் புதிய உடன்படிக்கை எழுதப்பட்டது. கிறிஸ்தவ மதம் பற்றிய அந்த வாசகம் அதில் இடம்பெறவில்லை.

மொராக்கோ உடன்படிக்கைக்கும் சோதனை வந்தது. 1802இலும் 1803இலும் உறவு முறியும் நிலைக்குச் சென்றது. அமெரிக்கப் போர்க்கப்பல்களும் தாஞ்சியர் துறைமுகத்திற்கு வந்து நின்றன. ஆயினும் சுல்தான் சுலைமான் 1803 அக்டோபரில் தம் தந்தையின் உடன்படிக்கையை மீண்டும் உறுதிசெய்தார். ஐம்பது ஆண்டு முடிந்த 1836இல் அது புதுப்பிக்கப்பட்டது. ஒரு தரப்பு பன்னிரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்தாலொழிய அது தொடரும் என்றும் எழுதப்பட்டது.

ஒன்று ஏன் நிலைத்தது, மற்றது ஏன் முறிந்தது? மொராக்கோ உடன்படிக்கை பணத்தின் மேல் நிற்கவில்லை. மனக்கசப்பு வந்தால் என்ன செய்வது என்பதையும் அது முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது. திரிப்போலியின் சமாதானம் விலைக்கு வாங்கப்பட்டது; விலை போதாதபோது அது சரிந்தது. உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துவிடும் பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்ற கருத்தில் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 92ஆம் வசனம் சத்தியத்தை முறிப்போரை எச்சரிப்பதை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும்.

நம் வீட்டுக்கும் நம் மஹல்லாவுக்கும்

சகோதர சகோதரிகளே! நம்மில் எவரும் நாடுகளுக்கிடையே உடன்படிக்கை எழுதப் போவதில்லை. ஆனால் பிறர் பெயரில் வாக்குக் கொடுக்கும் நிலை நம் ஒவ்வொருவருக்கும் வருகிறது. பள்ளிவாசல் நிர்வாகி வக்ஃபு இடத்தின் வாடகைப் பத்திரத்தில் கையொப்பமிடும்போது ஜமாஅத் முழுவதையும் கட்டுப்படுத்துகிறார். வாப்பா சொத்துப் பாகப்பிரிவினைக்குச் சம்மதிக்கும்போது பிறக்காத பேரப்பிள்ளைகளின் காரியத்தையும் தீர்மானிக்கிறார். வலீ நிகாஹ் பேசி முடிக்கும்போது ஒரு பெண்ணின் வாழ்நாளைப் பற்றிப் பேசுகிறார். அவளுடைய சம்மதத்தை உண்மையாகவே கேட்டறியாமல் பேசி முடிப்பவர், தமக்கு முழுமையாகச் சொந்தமில்லாத ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்.

வாசகத்தைக் கட்டுப்படப் போகிறவர்கள் பார்த்தார்களா? மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோமா, அல்லது பேச அவகாசம் கொடுத்தோமா? கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வது என்று எழுதினோமா? இவற்றைக் கேட்கச் சற்றுத் தாமதமாகலாம். அந்தத் தாமதத்தால் அல்ஜியர்ஸின் கைதிகளைப் போல் யாரேனும் வாடுகிறார்களா என்பதையும் கவனித்து விரைவுபடுத்த வேண்டும். ஆலோசனையைக் காரணம் காட்டி மஹ்ரையும் பாகத்தையும் கூலியையும் இழுத்தடிப்பது ஆலோசனையின் பெயரால் செய்யும் அநீதி.

ஹுதைபியாவில் அபூ ஜந்தல் (ரலி) அவர்களின் கண்ணீருக்கு முன்னும் ஓர் எழுத்து மதிக்கப்பட்டது. அந்த உம்மத்தைச் சேர்ந்த நாம், நம் பெயரிலும் நம்மை நம்பியோர் பெயரிலும் இடும் ஒவ்வொரு கையொப்பத்தையும் அதே கண்ணோடு பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆலோசித்து வாக்களிப்பவர்களாகவும், வாக்களித்ததை நிறைவேற்றுபவர்களாகவும் ஆக்கி அருள்புரிவானாக. ஆமீன்.